போர்க்கால வானொலியின் ஒரு நாள்: செய்திக்கு நடுவே பாட்டு எதற்கு?

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. அன்று மதியமே லண்டனில் பிபிசி தன் தொலைக்காட்சியை மூடியது. கடைசியாகப் போனது ஒரு மிக்கி மவுஸ் கார்ட்டூன். மாலையில் வானொலியும் மாறியது. ஊர்ப்பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனி நிகழ்ச்சிகள் போட்டுக்கொண்டிருந்த நிலையங்கள் எல்லாம் 'ஹோம் சர்வீஸ்' என்ற ஒரே அலைவரிசையாகச் சேர்ந்தன. நாட்டின் எந்த மூலையில் ரேடியோவைத் திருப்பினாலும் இனி ஒரே நிகழ்ச்சிதான். இரண்டு நாள் கழித்து, ஞாயிறு காலை 11.15-க்கு, ஜெர்மனியோடு போர் தொடங்கிவிட்டது என்று பிரதமர் சேம்பர்லின் சொன்னதையும் மக்கள் அதில்தான் கேட்டார்கள்.

போர்க்கால வானொலி என்றதும் தலைவர்களின் பேச்சும் ராணுவ அணிவகுப்பு இசையும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அந்தக் காலத்து நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தால் கதை வேறு. உருளைக்கிழங்கை வைத்து என்ன சமைப்பது, மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடுவது, தொழிற்சாலைக்கென்றே நடனக்குழு இசை, வாரம் தவறாமல் ஒரு காமெடி, நடுநடுவே ஐந்தாறு முறை செய்தி. செய்திதான் சரக்கு, மற்றதெல்லாம் இடம் நிரப்ப வந்தது என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்களை ரேடியோ பக்கத்தில் உட்கார வைத்தது பாட்டும் சிரிப்பும். உட்கார்ந்தவர்கள் முள்ளை எதிரி நிலையத்துக்குத் திருப்பாமல் பார்த்துக்கொண்டது செய்தி மேல் இருந்த நம்பிக்கை. இரண்டில் ஒன்று போயிருந்தால் இன்னொன்றும் நின்றிருக்காது.

இது எப்படி வேலை செய்தது என்று பார்க்க, பிரிட்டனில் 1940-க்கும் 1944-க்கும் இடைப்பட்ட ஒரு வேலை நாளைக் காலையிலிருந்து இரவு வரை ஓட்டிப் பார்க்கலாம். குறிப்பிட்ட ஒரு தேதி அல்ல. அந்த ஆண்டுகளின் வழக்கமான நிகழ்ச்சிகளைக் கோத்து எடுத்த நாள்.

எல்லோருக்கும் ஒரே அலைவரிசை

முதலில் ஒரு தொழில்நுட்பச் சங்கதி. எல்லா நிலையங்களையும் ஒன்றாக்கியது செலவைக் குறைக்க அல்ல. ஒலிபரப்புக் கோபுரம் எதிரி விமானத்துக்கு வழி காட்டிவிடும் என்ற பயம்தான் காரணம். மத்திய அலையில் பேசும் ஒரு நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை, விமானத்தில் இருக்கும் வளைய ஆண்டெனாவைத் திருப்பியே கண்டுபிடித்துவிடலாம். இந்த நிலையம் இந்தத் திசை, அந்த நிலையம் அந்தத் திசை என்று வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் விமானம் பறந்துகொண்டிருக்கிறது. இரவோ மேகமோ கீழே இருட்டடிப்போ, எதுவும் அதற்குத் தடையில்லை.

அதற்காக வானொலியையே நிறுத்திவிடவும் முடியாது. பொறியாளர்கள் கண்ட வழி இது: நாட்டின் பல பக்கங்களில் உள்ள நிலையங்கள், ஒரே நிகழ்ச்சியை, ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில் அனுப்பட்டும். ஆண்டெனாவுக்குப் பல திசையிலிருந்தும் ஒரே அலை வந்து சேர்வதால் எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. ஒரு கோபுரத்துக்கு மிக அருகில் விமானம் வந்துவிட்டால் மட்டும்தான் குழப்பம் தெளியும். அந்த நேரத்தில், போர் விமானப் படைத் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்ததும் அந்த ஒரு கோபுரத்தை மட்டும் அணைத்துவிடுவார்கள். அங்கே இருக்கும் வீடுகளில் ரேடியோ முழுதாக நின்றுவிடாது. தொலைவில் உள்ள கோபுரத்தின் ஒலி மங்கலாக, ஏறி இறங்கிக் கேட்கும். பாட்டு திடீரென்று தேய்ந்தால் கேட்பவருக்கு அதுவே ஒரு தகவல்.

விலை என்னவென்றால் தேர்வு என்பதே போய்விட்டது. போர் தொடங்கிய முதல் வாரங்களில் செய்தி, அரசு அறிவிப்பு, கிராமபோன் தட்டு, தியேட்டர் ஆர்கன், மறுபடி செய்தி என்று ஓடியது. மக்கள் சலித்துப்போனார்கள். பத்திரிகைகள் கிண்டல் செய்தன. பிரான்சில் சும்மா முகாமிட்டுக் காத்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கோ இன்னும் மோசம். 1940 தொடக்கத்தில் அவர்களுக்காக 'ஃபோர்சஸ் புரோகிராம்' என்ற இரண்டாவது அலைவரிசை வந்தது: நடன இசை, நகைச்சுவை, விளையாட்டு. கூட்டமாக முகாமில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு லேசான சங்கதிதான் எடுபடும் என்று செய்ததுதான். ஆனால் உள்நாட்டில் வீட்டில் இருந்தவர்களும் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள். கேட்பவனுக்கு என்ன நல்லது என்பதைத் தானே முடிவு செய்து பழகிய பிபிசிக்கு அது புதுப் பாடம்.

கேட்கும் பெட்டியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். போர் தொடங்கியபோது பிரிட்டனில் சுமார் 90 லட்சம் ரேடியோ உரிமங்கள் இருந்தன. மின்சாரம் வராத கிராமத்து வீடுகளில் பெட்டி ஓடியது இரண்டு வகை பேட்டரியில். ஒன்று, அமிலம் நிரப்பிய கண்ணாடி ஜாடிக்குள் ஈயத் தகடுகள் நிற்கும் அக்குமுலேட்டர். தீர்ந்ததும் அதைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு, அமிலம் உடையில் சிந்தாமல், சைக்கிள் கடைக்கோ ரேடியோ கடைக்கோ போய் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். மற்றொன்று கனமான உலர் பேட்டரி. போர் முற்ற முற்ற அது கடையில் கிடைப்பதே அரிதாயிற்று. இப்படிப்பட்ட வீட்டில் நாள் முழுக்க ரேடியோவை ஓடவிட முடியுமா? செய்தி நேரம் பார்த்துத் திருகுவார்கள். அதனால்தான் எந்த நிகழ்ச்சி செய்திக்கு முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பதற்கு அவ்வளவு மதிப்பு.

காலை 7 மணி: வாசிப்பவர் பெயர்

செய்தி காலை 7, 8, பகல் 1, மாலை 6, இரவு 9, நள்ளிரவு என்று வரும். போருக்கு முன் பிபிசியில் செய்தி வாசிப்பவருக்குப் பெயர் கிடையாது. யாரோ ஒருவருடைய செய்தி அல்ல, நிறுவனத்தின் செய்தி என்ற எண்ணம். 1940 கோடையில் பிரான்ஸ் விழுந்து, அடுத்து ஜெர்மானியர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வருவார்கள் என்ற நிலை வந்ததும் அந்த வழக்கத்தை விட்டார்கள். எதிரி ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு, பிபிசி குரலில் 'சரணடையுங்கள்' என்று அறிவித்தால் என்ன செய்வது? அதனால், 'இதோ செய்திகள், வாசிப்பவர் ஆல்வார் லிடெல்' என்று ஒவ்வொரு முறையும் சொல்ல ஆரம்பித்தார்கள். நாலைந்து குரல்களை ஊரே பெயரோடு மனப்பாடம் செய்துகொண்டால், புதிதாக ஒரு போலிக் குரல் வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். 'செய்திகள் வாசிப்பது...' என்ற வரியை ஆகாசவாணியில் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. அங்கே அது பாதுகாப்பு ஏற்பாடாக நுழைந்த வரி.

1941-ல் இதையே இன்னொரு படி தள்ளி, யார்க்ஷயர் வட்டாரப் பேச்சு வாடை அடிக்கும் வில்ஃப்ரட் பிக்கிள்ஸை தேசியச் செய்தி வாசிக்க வைத்தார்கள். ஜெர்மானியர் எவ்வளவு முயன்றாலும் அந்த உச்சரிப்பு வராது என்ற கணக்கும் இதில் உண்டு. நள்ளிரவுச் செய்தி முடிவில் அவர் 'குட் நைட்'டை ஊர்ப் பாணியில் 'குட் நீட்' என்று சொல்லி முடித்தார். தெற்கே மட்டுமல்ல, வடக்கிலிருந்தே எதிர்ப்பு வந்தது. இந்த உச்சரிப்பில் சொன்னால் செய்தியை நம்பவே முடியவில்லை என்று எழுதினார்கள். மதுரைத் தமிழிலோ கோவைத் தமிழிலோ தலைப்புச் செய்தி வாசித்தால் இங்கே என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

8 மணிச் செய்தி முடிந்ததும் 8.15-க்கு ஐந்தே நிமிடம் 'கிச்சன் ஃபிரண்ட்', சமையலறைப் போர்முனை. 1940 ஜனவரியில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரேஷன் வந்துவிட்டது. பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போனது. உணவு அமைச்சகமும் பிபிசியும் சேர்ந்து அந்த ஆண்டு ஜூனில் இதைத் தொடங்கின. பெண்கள் கடைக்குக் கிளம்பும் முன் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரம். இன்று கடையில் எது மலிவு, எதைத் தோலோடு வேகவைக்கலாம், மீந்ததை என்ன செய்வது என்று பேசுவார்கள். இதில் 'ரேடியோ டாக்டர்' என்று வந்து புகழ்பெற்றவர் சார்லஸ் ஹில். உலர்ந்த பிளம் பழத்தை 'கறுப்புக் கோட்டு போட்ட வேலையாட்கள்' என்று சொல்லி, காலைச் சாப்பாட்டு நேரத்தில் நாட்டின் குடலைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசிய மனிதர். பிரசாரம் என்றால் இதுவும் பிரசாரம்தான். கப்பலில் வரும் உணவைக் குறைப்பதுதான் அரசின் குறி. ஆனால் கேட்பவருக்கு அதில் உடனடியாகக் கையில் ஒரு பலன் இருந்தது.

காலை 10.30: இயந்திரத்துக்கு ஏற்ற இசை

இந்த நாளில் எனக்கு மிகப் பிடித்த அரை மணி நேரம் இது. 1940 ஜூன் 23 அன்று தொடங்கிய 'மியூசிக் வைல் யூ வொர்க்', வேலை செய்துகொண்டே கேட்பதற்கான இசை. காலை 10.30-க்கு ஒன்று, பிற்பகல் 3 மணிக்கு ஒன்று. பின்னர் இரவு ஷிஃப்டுக்காக இன்னொன்றும் சேர்ந்தது. பிரான்சின் டன்கர்க் கரையிலிருந்து படை தப்பி வந்தபோது விட்டுவந்த ஆயுதங்களை ஈடுகட்ட ஆயுதத் தொழிற்சாலைகள் இரவுபகலாக ஓடிய நேரம். ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்பவருக்கு முற்பகலிலும் பிற்பகலிலும் கை தளரும் பொழுதுகள் உண்டு. அந்தப் பொழுதைக் குறிவைத்தே நேரம் குறித்தார்கள்.

இதற்கென்று தனி இலக்கணமே இருந்தது. இசை நடுவே நிற்கக் கூடாது. ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி விடாமல் போக வேண்டும். ஒலி ஏறி இறங்கக் கூடாது, ஏனென்றால் மெதுவான பகுதியை இயந்திரச் சத்தம் விழுங்கிவிடும். தாளம் மிகச் சிக்கலாக இருந்தால் கவனம் சிதறும், மிக மெதுவாக இருந்தால் தூக்கம் வரும். வாய்ப்பாட்டைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள், எல்லோருக்கும் தெரிந்த மெட்டாகத் தேடிப் பிடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: டெக்சாஸைப் பற்றிய ஒரு அமெரிக்கப் பாட்டு அப்போது பெரிய ஹிட். ஒவ்வொரு வரி முடிவிலும் நாலு முறை கைதட்ட வேண்டிய பாட்டு. தொழிற்சாலையில் இரண்டு கையும் வேலையில் இருக்குமே? தொழிலாளர்கள் கையில் இருந்த ஸ்பேனரையும் சுத்தியலையும் வைத்து இயந்திரத்திலேயே தட்டிவிடுவார்கள் என்று அந்தப் பாட்டை இந்த நிகழ்ச்சியிலிருந்து தடை செய்தார்கள்.

அதே காலத்தின் இன்னொரு சரக்கு 1941-ல் தொடங்கிய 'வொர்க்கர்ஸ் பிளேடைம்'. மதிய உணவு இடைவேளையில் ஏதாவது ஒரு தொழிற்சாலை கேண்டீனில் மேடை போட்டு, பாடகரும் காமெடியனும் நேரடியாக நிகழ்த்துவார்கள். எந்தத் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், 'பிரிட்டனில் எங்கோ ஓரிடம்' என்பதோடு சரி. தட்டும் கரண்டியும் மோதும் சத்தம், ஆயிரம் பேர் ஒன்றாகச் சிரிக்கும் சத்தம், எல்லாம் அப்படியே வீட்டு ரேடியோவில் வரும். தங்களைப் போன்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் சொல்லியது அந்தச் சத்தம். பேச்சாளர் யாராவது வந்து அதையே மைக்கில் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மாலை 6 மணி: சொல்லாமல் விட்டவை

பிற்பகலில் பள்ளி ஒலிபரப்பும், மாலை ஐந்து மணிக்கு மேல் சிறுவர் நேரமும் போகும். ஆறு மணிச் செய்திக்கு வருவோம். இதில் கேட்கத் தவறக் கூடாதது, அதில் இல்லாத சங்கதிகள்.

வானிலை அறிக்கை கிடையாது. போர் தொடங்கியதும் நிறுத்தியதை, ஐரோப்பாவில் போர் முடியும் வரை திரும்பக் கொண்டுவரவில்லை. நாளை லண்டனில் வானம் தெளிவு என்று சொன்னால் குண்டு போடுபவனுக்கும் அது நல்ல செய்திதானே. ஊர்ப் பெயரும் சட்டென்று வராது: 'தென்கிழக்குக் கடற்கரை நகரம் ஒன்றில் சேதம்' என்பார்கள். குறி தவறாமல் விழுந்ததா என்று எதிரி தெரிந்துகொள்ளக் கூடாது. செய்தியோ உரையோ, எழுதிய தாள் தணிக்கையைத் தாண்டித்தான் மைக்குக்கு வரும். பேசுபவர் தாளை விட்டு விலகினால் ஒலியைத் துண்டிப்பதற்கென்றே ஒருவர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் பிபிசி உண்மையைச் சொன்னது என்று எல்லோரும் சொல்வது? பெருமளவு சரிதான். தோல்விகளைத் தோல்வி என்றே சொன்னார்கள். நார்வே போனது, பிரான்ஸ் போனது, சிங்கப்பூர் போனது, எதையும் வெற்றியாக்கிக் காட்டவில்லை. ஆனால் ஓட்டை இல்லாத வேலை அல்ல அது. 1940 ஜூன் 17 அன்று பிரான்ஸ் கரையோரத்தில் லங்காஸ்ட்ரியா கப்பலைக் குண்டு வீசி மூழ்கடித்ததில் குறைந்தது மூவாயிரம் பேர் இறந்தார்கள். ஒரே நாளில் இவ்வளவு கெட்ட செய்தியை மக்கள் தாங்க மாட்டார்கள் என்று சர்ச்சில் அதை அமுக்கிவிட்டார். அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவரும் வரை, ஐந்து வாரத்துக்கு மேல், பிரிட்டிஷ் செய்திகளில் அது இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தார்கள். உண்மையில் விழுந்தது சுமார் 60. விமானிகள் ஒரே விமானத்தை ஆளுக்கு ஒன்றாக எண்ணியதும், விமான அமைச்சகம் கொடுத்த எண்ணை அப்படியே வாசித்ததும்தான் காரணம். வேண்டுமென்றே சொன்ன பொய் குறைவு, மறைத்தது நிறைய என்பதுதான் நியாயமான தீர்ப்பாக இருக்கும்.

இரவு 8.30 முதல் 9 வரை

வியாழக்கிழமை என்றால் இரவு 8.30-க்கு 'இட்மா'. டாமி ஹேண்ட்லி நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சி. உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் கேட்டார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கதவு திறக்கும், ஒரு பாத்திரம் வந்து தன் வழக்கமான வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகும், கதவு மூடும், அடுத்தவர். தொலைபேசியில் அடித்தொண்டையில் மிரட்டும் ஃபுன்ஃப் என்ற ஜெர்மன் ஒற்றன் ஒரு பாத்திரம். துப்புரவு வேலை செய்யும் மிசஸ் மோப் இன்னொன்று. அதன் வசனங்களை நாடே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒற்றன் பயம் ஊரை ஆட்டிய நேரத்தில் ஒற்றனைக் கோமாளியாக்கியதும், உத்தரவு மேல் உத்தரவாகப் போட்ட அமைச்சகங்களைக் கிண்டலடித்ததும் பிபிசிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசு அதைப் பொறுத்துக்கொண்டது. எதிரி நாட்டில் அது நடக்காது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற, இந்த நிகழ்ச்சியைத் தயாரித்த பிரிவையே முதலில் பிரிஸ்டலுக்கும் பிறகு வேல்ஸில் உள்ள பாங்கருக்கும் மாற்றியிருந்தார்கள். சிம்பனி இசைக்குழு பெட்ஃபர்டில் இருந்தது. 'லண்டன்' என்று கேட்டதில் பாதி லண்டனிலிருந்து வரவில்லை.

அப்புறம் ஒன்பது மணி. பிக் பென் கடிகாரத்தின் மணியோசை, அதைத் தொடர்ந்து அன்றைய முக்கியச் செய்தி அறிக்கை. 1940 நவம்பரிலிருந்து அந்த மணியோசையை ஒரு நிமிட மௌனப் பிரார்த்தனைக்கான நேரமாகவும் வைத்துக்கொண்டார்கள்.

1940 அக்டோபர் 15 இரவு அந்த ஒன்பது மணிச் செய்தியை வாசித்தவர் புரூஸ் பெல்ஃப்ரேஜ். அதற்குக் கொஞ்சம் முன்னால் பிபிசி தலைமையகமான பிராட்காஸ்டிங் ஹவுஸின் மாடி ஒன்றுக்குள் குண்டு துளைத்து வந்து வெடிக்காமல் கிடந்தது. செய்தி தொடங்கிச் சில நிமிடங்களில் வெடித்தது. ஏழு ஊழியர்கள் இறந்தார்கள். கீழே ஸ்டுடியோவில் பெல்ஃப்ரேஜின் தாள் மேலும் தலை மேலும் சுண்ணாம்புத் தூளும் கரியும் கொட்டின. ரேடியோவில் கேட்டது ஒரு மங்கலான 'தொம்' மட்டும். ஒரு நொடி தயக்கம். பிறகு அவர் விட்ட வாக்கியத்திலிருந்து வாசிப்பைத் தொடர்ந்தார். வீரம் என்று இதைப் பாராட்டுவார்கள், பாராட்டலாம்தான். ஆனால் அதற்குள் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பிபிசியைத் தாக்கினோம், ஒலிபரப்பு நின்றது என்று பெர்லின் சொல்லிக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. அதே காரணத்தால் கட்டடத்தின் மேல் குண்டு விழுந்ததைச் செய்தியில் சொல்லவும் இல்லை.

செய்தி முடிந்ததும் ஞாயிறுகளில் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' என்று ஒரு சிறு பேச்சு. இது ஏன் அங்கே வந்தது என்பதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து ஆங்கிலத்தில் பேசிய வில்லியம் ஜாய்ஸ், பிரிட்டிஷ் மக்கள் 'லார்ட் ஹா-ஹா' என்று கிண்டலாகப் பெயர் வைத்த ஆள், ஒன்பது மணிச் செய்தி முடியும் நேரம் பார்த்து 9.15-க்கு வருவார். முதல் போர்க் குளிர்காலத்தில் பிபிசி செய்தியைக் கேட்டுவிட்டு, அவர் என்ன உளறுகிறார் பார்ப்போம் என்று லட்சக்கணக்கானோர் முள்ளைத் திருப்பினார்கள். திருப்பாதே என்று அரசு தடை போடவில்லை. ஜெர்மனியில் வெளிநாட்டு வானொலி கேட்பது சிறைக்கும், கேட்டதைப் பரப்பினால் சில சமயம் மரண தண்டனைக்கும் போகும் குற்றம். பிரிட்டனில் அதற்குப் பதில், அந்தக் கால் மணி நேரத்தில் கேட்காமல் விட முடியாத ஒருவரை உட்கார வைத்தார்கள். எழுத்தாளர் ஜே. பி. ப்ரீஸ்ட்லி 1940 ஜூனில் டன்கர்க் பற்றிப் பேசத் தொடங்கினார். உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரிந்த சின்னச் சின்ன நீராவிப் படகுகள் சிப்பாய்களைக் காப்பாற்றப் போனதைப் பற்றி, நண்பனிடம் பேசுவது போலப் பேசினார். எதிரியின் நிகழ்ச்சியை வெல்ல வழி அதைவிட நல்ல நிகழ்ச்சி. இன்றைக்கும் அதைவிடச் சிறந்த பதில் யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பாட்டு விஷயத்தில் பிபிசிக்கு இவ்வளவு தெளிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. 1941-ல் இளம் பாடகி வெரா லின், வெளிநாட்டில் இருக்கும் சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதுவது போன்ற ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். இடையிடையே பாட்டு, இன்னாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்ற தகவல். சிப்பாய்கள் அவரைக் கொண்டாடினார்கள். மேலதிகாரிகள் சிலரோ, பிரிவையும் ஏக்கத்தையும் பாடிப் பாடிப் படையை இளக்கிவிடுகிறார் என்று குறைப்பட்டார்கள். 1942-ல் அழுமூஞ்சிக் காதல் பாட்டுக்களைத் தடுக்க பிபிசி ஒரு கொள்கையே வகுத்தது. பாலைவனத்தில் கிடப்பவனுக்கு வீட்டு ஞாபகம் வரப் பாட்டு வேண்டுமா என்ன?

சுவருக்கு அந்தப் பக்கம்

உள்நாட்டுக்காரர்கள் தூங்கப் போகும் நேரத்தில் ஐரோப்பா கேட்டுக்கொண்டிருந்தது. போரின் முடிவில் பிபிசி 40-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசியது. 1941 ஜனவரியில் பெல்ஜியப் பிரிவின் விக்தோர் டி லாவெலே, சுவர்களில் வெற்றியைக் குறிக்கும் 'வி' என்ற எழுத்தைக் கிறுக்குங்கள் என்று தன் நாட்டவரைக் கேட்டார். மோர்ஸ் தந்தியில் அந்த எழுத்து மூன்று குறில், ஒரு நெடில். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனி தொடங்குவதும் அதே தாளத்தில்தான். அதை முரசில் தட்டி ஐரோப்பிய ஒலிபரப்பின் அடையாள ஒலியாக்கினார்கள். அடுத்த அறையில் கேட்டால் அகப்பட்டுக்கொள்ளும் அளவுக்குச் சத்தமாக இல்லாமல், ஆனால் இரைச்சலுக்கு நடுவிலும் பிடிபடும் ஒலி.

பிரெஞ்சு ஒலிபரப்பில் 'தனிப்பட்ட செய்திகள்' என்று அர்த்தமில்லாத வாக்கியங்கள் வரிசையாக வரும். பெரும்பாலானோருக்கு உளறல். ஜெர்மன் ஆக்கிரமிப்பை ரகசியமாக எதிர்த்த சம்பந்தப்பட்ட குழுவுக்கு மட்டும் கட்டளை. 1944 ஜூன் 1 அன்று கவிஞர் வெர்லேனின் இலையுதிர்காலக் கவிதையின் முதல் வரிகள் வந்தன: தயாராக இருங்கள். ஜூன் 5 இரவு அடுத்த வரிகள் வந்தன: தண்டவாளங்களைத் தகருங்கள். மறுநாள் காலை 9.32-க்கு, நேசநாட்டுப் படை பிரான்சில் இறங்கிவிட்டது என்று பிபிசி அறிவிப்பாளர் ஜான் ஸ்நாக் உலகுக்கு அறிவித்தார். அன்று இரவு செய்திக்குப் பின் 'வார் ரிப்போர்ட்' தொடங்கியது. நிருபர்கள் தோளில் சுமக்கும்படி சுமார் 18 கிலோவில் பொறியாளர்கள் ஒரு தட்டுப் பதிவுக் கருவி செய்து கொடுத்திருந்தார்கள். கைப்பிடியைச் சுழற்றி முறுக்கேற்ற வேண்டும், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல் பதியும். ஹோவர்ட் மார்ஷல் நார்மண்டிக் கரையில் இறங்கி, படகு மூழ்கி, அன்றே திரும்பி வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். உடை முழுக்க நனைந்திருக்கிறது, குறிப்பெல்லாம் கடலடியில் என்று சொல்லிவிட்டு, நினைவிலிருந்தே பேசினார்.

இசையே செய்தியான கதை ஒன்று. 1945 மே 1 இரவு ஜெர்மன் வானொலி முக்கிய அறிவிப்பு வருகிறது என்று சொல்லிவிட்டு, புரூக்னரின் ஏழாம் சிம்பனியிலிருந்து மெதுவான பகுதியைப் போட்டது. பிபிசியின் கண்காணிப்புப் பிரிவில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர் எர்ன்ஸ்ட் கோம்பிரிக், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கலை வரலாற்றாசிரியர். அந்த இசை இசையமைப்பாளர் வாக்னரின் மரணத்தை ஒட்டி எழுதியது என்று அவருக்குத் தெரியும். இறந்தது ஹிட்லராகத்தான் இருக்கும் என்று ஊகித்து, என்னென்ன அறிவிப்பு வரலாம் என்று துண்டுத் தாள்களில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார். அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் சரியான தாளைச் சுட்டிக் காட்டினார். தகவல் உடனே சர்ச்சிலின் அலுவலகத்துக்குப் போனது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று தொடங்கியது இந்தப் போரின் நடுவில்தான். அப்போது இந்தியப் பிரிவில் வேலை பார்த்த ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய வாராந்திரச் செய்தி விளக்கங்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பெயர்த்து வாசித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது. தென்கிழக்காசியாவில் இருந்த நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நடந்த ரேடியோ சீயாக் நிலையம் போருக்குப் பின் இலங்கை அரசிடம் வந்தது. நம் தாத்தா பாட்டிகள் சினிமாப் பாட்டுக்காகத் தவம் கிடந்த இலங்கை வானொலிக்கு அந்த வசதிகள்தான் அடித்தளம்.

இதையெல்லாம் காதால் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சிக்கல். அன்று போன நேரடி ஒலிபரப்பில் பெரும்பகுதியை யாரும் பதிந்து வைக்கவில்லை. மிஞ்சியவை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். முழு நாள் வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும்: வாஷிங்டனின் டபிள்யூஜேஎஸ்வி நிலையம் 1939 செப்டம்பர் 21 அன்று காலை தொடங்கி நள்ளிரவு தாண்டும் வரை தன் ஒலிபரப்பு முழுவதையும் தட்டுகளில் பதிந்து வைத்தது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. சோப்பு விளம்பரமும் குடும்பத் தொடர்களும் பேஸ்பால் ஆட்டமும் நடன இசையும் ஓடும். நடுவே ஐரோப்பாவிலிருந்து போர்ச் செய்தி வரும். ஆயுத விற்பனைத் தடையை நீக்கச் சொல்லி ரூஸ்வெல்ட் காங்கிரஸில் பேசுவார். பதிவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காலைப் பகுதியில் தொடங்கினால் விளம்பரமும் தொடரும்தான் அதிகம் வரும். அவசரமென்றால் ரூஸ்வெல்ட் பேச்சுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்து இரவு வரை ஓடவிடுங்கள்.